ஹால்வர் வீட்டுச் சாவி

கோகெரோ ஊரிலேயே அழகான கட்டடம் எது என்று கேட்டால் யாரும் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கட்டிய கழிப்பறையைத்தான் காட்டுவார்கள். நீலக் கதவு, பளபளக்கும் தகரக் கூரை, உள்ளே நான்கு அறை, கை கழுவத் தொட்டி. கட்டி முடித்து ஒரு பள்ளிப் பருவமே போய்விட்டது. இதுவரை உள்ளே ஈ, காக்கை நுழைந்ததில்லை.

காரணம் சுவரில் பதித்த கல். பணம் கொடுத்த நார்வே நாட்டு பிரித்தா அம்மாள், இறந்துபோன தன் அப்பா ஹால்வரின் பெயரை அதில் வெட்டச் சொல்லியிருந்தாள். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள். ஊருக்கு மூத்தவரான ஒடெரா அந்தக் கல்லைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"செத்த மனுஷன் பேர்ல நிக்கிற வீடு இது. அவனோட மூத்த பிள்ளை முதல்ல காலடி வைக்கணும். அதுக்கு முன்னாடி எவன் நுழைஞ்சாலும் உடம்பு உருகியே போயிடுவான், சொல்லிட்டேன்."

பூட்டைப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தினமும் வாசலைப் பெருக்கவும் ஏற்பாடு செய்தார். விதைப்பதானாலும் அறுப்பதானாலும் மூத்தவன் கைதான் முதலில் என்று வாழ்கிற ஊர்.

மாட்டிக்கொண்டவள் ரிஸ்பா டீச்சர். இந்தக் கழிப்பறைக்காக நாயாய் அலைந்தவள் அவள்தான். மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றவரை ஏழாம் வகுப்புப் பெண்கள் வயலுக்குள் ஒதுங்கிச் சமாளித்தார்கள். அறுவடை முடிந்ததும் வயல் மொட்டையாகிவிட்டது. இனி ஏரிக்கரைப் புதர்வரை போகவேண்டும். அவ்வளவு தூரம் போன பெண் பள்ளிக்கூடம் திரும்புவாளா? அப்படியே வீட்டுக்குப் போனாள், மறுநாள் வரவுமில்லை. பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வருஷக் கடைசியில் பரீட்சை வேறு.

ஒடெராவிடம் போய்ப் பேசலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். அவர் அவள் புருஷனுக்குப் பெரியப்பா. மாமனார் முறை உள்ளவர் முன்னால் மருமகள் எட்டி நிற்கவேண்டும், குனிந்து பேசவேண்டும். மாமனார் நுழைந்த கழிப்பறையில் மருமகள் நுழையவே கூடாது. அதனால்தான் அந்த ஊரில் எந்த வீட்டிலும் இரண்டு குழி இருக்கும். அப்படிப்பட்டவரிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?

"மாமா, அந்த... வீடு..."

"எந்த வீடு?"

"நார்வேக்காரர் வீடு. பிள்ளைங்க ரொம்பக் கஷ்டப்படுதுங்க. வேணும்னா அந்தக் கல்லை மட்டும் எடுத்துட்டு..."

"செத்தவனை அவன் வீட்டுலேருந்தே துரத்தச் சொல்றியா? நீ பொறந்த ஊர்ல அப்படித்தான் பழக்கமா?"

ரிஸ்பா குனிந்தபடியே திரும்பினாள். மனசுக்குள் மட்டும் அவரை நன்றாகத் திட்டினாள்.

அப்போதுதான் பிரித்தா அம்மாளே வருகிறாள் என்று சேதி வந்தது. ரிஸ்பாவுக்குத் தூக்கம் போனது. பூட்டின கழிப்பறையைப் பார்த்தால் அந்த அம்மாள் என்ன நினைப்பாள்? ஒடெராவோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஓடியாடினார். "மூத்த மக வந்துட்டா! இனிமே என்ன கவலை?"

கிசுமு நகரத்திலிருந்து மேடு பள்ளமெல்லாம் குலுங்கி வந்து இறங்கிய பிரித்தாவை முதலில் சாப்பிட உட்காரவைத்தார்கள். பொரித்த ஏரி மீன், உகாலிக் களி, அதற்கு மேல் டம்ளர் டம்ளராகப் பால் டீ. வேண்டாம் என்றால் மரியாதையில்லை என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல; எதற்கும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒடெரா தானும் குடித்துக்கொண்டே ஒவ்வொரு டம்ளரையும் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஊரே அவளைக் கழிப்பறைக்கு ஊர்வலமாகக் கூட்டிப்போனது. வாசலில் ஒரு முக்காலி, பக்கத்தில் கட்டிப்போட்ட ஆடு, கல்லைச் சுற்றி மஞ்சள் பூ. பிரித்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க! பிள்ளைங்க எப்படி இவ்வளவு சுத்தமா பயன்படுத்துறாங்க?"

ரிஸ்பா ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். கலங்கிய அந்தக் கண்ணைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். மூத்த மகள்தான் முதலில் போகவேண்டும் என்பதையும் சொன்னாள்.

பிரித்தா கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"எங்கப்பாவுக்குப் பாதி ஆயுசு இந்த மாதிரி இடத்துலதான் கழிஞ்சுது. பேப்பரோட உள்ளே போனார்னா ஒரு மணி நேரம். வெளியே நாங்க வரிசையில நின்னு கதவைத் தட்டுவோம். குடுங்க சாவியை. அந்த டீயெல்லாம் வேற ரொம்ப நேரமா அவசரப்படுத்துது."

ஒடெரா இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார். பிரித்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் மூச்சுவிடாமல் நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

"என்ன, ஆச்சா?" என்றார் ஒடெரா மெதுவாக.

ரிஸ்பா கதவோரம் போய்க் கேட்டுவந்தாள். "இத்தனை பேர் காதைத் தீட்டிக்கிட்டு நின்னா எப்படிங்கன்னு கேக்கறாங்க. சத்தமா பாடச் சொல்றாங்க."

பெண்கள் பாட்டை எடுத்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பாடுகிற பாட்டு. அந்த அவசரத்தில் வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாவது அடியில் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குலவை ஏரிவரை போயிருக்கும். முகமெல்லாம் சிவந்து வெளியே வந்த பிரித்தாவின் கையை ஒடெரா பிடித்துக் குலுக்கினார்.

கையோடு அவளிடமிருந்து சாவியை வாங்கி மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"முறைப்படி அடுத்தது நான். அப்புறம் வயசு வரிசையா மத்த பெரியவங்க. பொண்ணுங்க கடைசியில."

பின்னால் நின்ற சில பெண்பிள்ளைகள் ரிஸ்பாவைப் பார்த்தார்கள். ஒடெராவின் கால் வாசற்படிக்கு மேலே வந்துவிட்டது.

"மாமா!" ரிஸ்பா தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "நீங்க தாராளமா போங்க. ஆனா நீங்க போன இடத்துக்கு நான் வரக்கூடாது. நான் இல்லாம பிள்ளைங்களைக் கூட்டிட்டு யார் போவா?"

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என் முறையை எடுத்தே என்னை அடிச்சுட்டியே, பொண்ணே."

"ஐயோ, நான் என்னத்தை அடிச்சேன் மாமா? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே."

ஒடெரா காலைக் கீழே வைத்தார். சாவியைக் கழற்றி முக்காலியில் வைத்தார். ஆனால் விருந்தாளிக்கு ஈடாக டீ குடித்தவர் அவர். திரும்பி வயல் பக்கம் பார்த்தார். மறைவுக்கு ஒரு சோளத்தட்டைகூட நிற்கவில்லை; வீடோ ஏரிக்கரையைவிடத் தூரம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரையை நோக்கி நடந்தார்; முதலில் கம்பீரமாக, பிறகு கொஞ்சம் வேகமாக.

பெண்பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டு வந்து, பிரித்தாவுக்கு இன்னொரு சுற்று டீயும் ஆன பிறகுதான் அவர் திரும்பினார். கோட்டில் முள், முகத்தில் வியர்வை. ரிஸ்பாவுக்கு எதிரே, முறைப்படி எட்டவே நின்றார்.

"அந்தப் பொண்ணுங்க தினமும் இவ்வளவு தூரமா போச்சுதுங்க?"

"ஆமா மாமா."

"வெயில்ல?"

"மழையிலயும்தான்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கோட்டிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரிஸ்பாவுக்கு முதல் தடவையாக அவர்மேல் இரக்கம் வந்தது.

"வராம நின்னுட்ட பொண்ணுங்க எந்தெந்த வீடு, சொல்லு" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலையில நானே போய்க் கூப்பிடறேன். மூத்தவன்தானே முதல்ல போகணும்."