டனலுக்குள் போன பேர்

பச்சை மூங்கிலைப் பிளந்து பாடை கட்டிக்கொண்டிருந்த பாவாடையிடம், அண்ணனைக் குளிப்பாட்ட யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று வந்து சொன்னார்கள். அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

அண்ணன் செல்லப்பன் ஆட்டுக்கொட்டகையில் கிடந்தான். இரண்டு வருஷமாக அவன் இருப்பிடம் அதுதான். டி.பி. என்று ஊருக்கே தெரியும். தட்டு தனி, தம்ளர் தனி. பெண்டாட்டி இருசம்மாள் கஞ்சியைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவாள். மகள் வேம்பு அந்தப் பக்கம் போனால் அடி விழும். அப்பனும் மகளும் ஆளுக்கொரு ஓரமாக நின்று பேசிக்கொள்வார்கள். விடிகாலையில் மூச்சு நின்றபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பாவாடை தனியாளாகக் குளிப்பாட்டினான். அண்ணனின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டன.

"மூக்குல துணியக் கட்டிக்கங்க தம்பி," என்றாள் தள்ளி நின்ற இருசம்மாள். அவன் கட்டிக்கொள்ளவில்லை.

மழை பொய்த்துக் கொல்லையில் புல்கூட முளைக்காத எழுபதாம் வருஷத்தில், வேப்பந்தட்டைப் பக்கமிருந்து அணை வேலைக்குப் போன கூட்டத்தில் அண்ணன் தம்பி இருவரும் இருந்தார்கள். மேற்கு மலையில் ஆற்றை மறித்துப் பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்தது. தேங்குகிற தண்ணீரை மலையைக் குடைந்து அந்தப் பக்கம் கொண்டுபோய், பள்ளத்தில் விழவைத்துக் கரண்ட் எடுப்பார்களாம். ஊர் ஊராக விளக்கெரியும், கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஓடும் என்று சொல்லித்தான் மேஸ்திரி கூட்டிப்போனான். அந்த வெளிச்சம் இவர்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

செல்லப்பனுக்கு வெளியே அணைச்சுவரில் காங்கிரீட் வேலை. பாவாடைக்கு மலையைக் குடைகிற டனலில், பாறை துளைக்கும் மெஷினைப் பிடிக்கிற வேலை. முதல்நாள் உள்ளே போனவனுக்கு வேட்டுப் புகையும் தூசியும் இருட்டும் நெஞ்சை அடைத்தன. வெளியே வந்து வாந்தியெடுத்தான். மறுநாள் டனல் வாசலில் பேர் கூப்பிட்டபோது அவனுக்குக் கால் நகரவில்லை. 'பாவாடை' என்ற குரலுக்கு, "இருக்கேன் சார்," என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போனான்.

மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அன்றிலிருந்து ஐந்து வருஷம், டனலில் தண்ணீர் விடும் வரைக்கும், அணையில் அண்ணன் பேர் பாவாடை. செல்லப்பன் என்று கூப்பிட்டால் தம்பி கை தூக்கினான். சாயங்காலம் டனலிலிருந்து வருகிறபோது அண்ணனின் புருவமும் இமையும் மாவரைக்கிறவனுடையது போல வெளுத்திருக்கும்.

இருமல் ஊருக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. திருச்சியில் ஒரு டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார். இது டி.பி. இல்லை, கல்தூசி நுரையீரலில் படிந்துபோயிருக்கிறது, யாருக்கும் ஒட்டாது, இதற்கு மருந்தும் இல்லை என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஊர் திரும்பியதும் இருசம்மாள் வாசலிலேயே கேட்டாள். கல்தூசி என்று சொன்னால், கூடவே போன உனக்கு ஏன் ஒன்றுமில்லை என்று அடுத்துக் கேட்பாள்.

"டி.பி.யாம்," என்றான் பாவாடை.

செல்லப்பன் தம்பியின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு, "ஆமா," என்று சொல்லிவிட்டு ஆட்டுக்கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

சுடுகாட்டில் குழிக்கு நாலு அடி தள்ளித்தான் எல்லோரும் நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாலிகண்டபுரம் வெள்ளைச்சாமி நின்றார். அவர் மகனுக்குத்தான் வேம்புவைப் பேசி முடித்திருந்தது. தை மாதம் கல்யாணம். உடலை இறக்கியதும் அவர் பாவாடையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே வூட்டுல கெடந்த பொண்ணு. எங்க வூட்டுப் பொம்பளைங்க பயப்படுறாங்க," என்றார்.

பாவாடை குழியருகே வந்து கைமண்ணை அள்ளினான். போடாமல் நிமிர்ந்தான்.

"அண்ணனுக்கு டி.பி. இல்லீங்க," என்றான். "டனல்ல கல்லுத்தூசி தின்னுடுச்சு. நான் போவ வேண்டிய எடம் அது. நான் பயந்துட்டேன். எம் பேருல அண்ணன் போச்சு. டாக்டர் சொன்னாரு, நாந்தான் மாத்திச் சொன்னேன்."

குழி வெட்டியவன் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றான். பிறகு வெள்ளைச்சாமி மூக்கிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போட்டார். கல்யாணத்தைத் தை மாதமே வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். பாவாடையின் பக்கம் திரும்பவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து மண் போட்டார்கள்.

அவன் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. கொட்டகைக்குள் வெறும் மண்தரையில் இருசம்மாள் கவிழ்ந்து கிடந்தாள். அழும் சத்தம் கேட்கவில்லை. வாசலில் அண்டாவை வைத்துக்கொண்டு, திரும்பி வந்தவர்களின் காலுக்கு வேம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராகக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியாகப் பாவாடை வந்து நின்றான்.

வேம்பு செம்பில் மொண்டு எடுத்தாள். அவன் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரை செம்மண் அப்பியிருந்தது.

தண்ணீரை அண்டாவிலேயே திரும்ப ஊற்றினாள். செம்பை அதன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, கொட்டகைக்குள் போய் அம்மாவின் அருகில் உட்கார்ந்துகொண்டாள்.