மதியம் மட்டும் ஓடிய சர்வர்

தையற்கடைக்காரியின் கணவனுக்குச் சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் சோறு தண்ணி இறங்காது. இந்தத் தடவை மாட்டியவர் அவன் சகலை, மனைவியுடைய அக்காவின் கணவர்.

இணையத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் ஒன்றில் சகலைகள் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். மனைவியின் கடைக்கு ஆர்டர் எடுக்க, ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு சர்வர் புரோகிராம் எழுதி அதில் ஓட்டினான். காலையில் லேப்டாப்பில் கட்டளையைத் தட்டுவான், கடையின் இணையப் பக்கம் ஜம்மென்று வரும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவான். உடனே மனைவி போன் போடுவாள்: "ஏங்க, பக்கம் வரல!" மதியம் பார்த்தால் தானாக வந்து நிற்கும். சாயங்காலம் மறுபடி காணோம்.

யார் பார்த்த வேலை இது? ஒருநாள் அந்தக் கணக்கில் நுழைந்ததும், கடைசியாக எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்துபோனார்கள் என்று திரையே காட்டியது. சகலையின் ஆபீஸ் கம்ப்யூட்டர்!

"அடப்பாவி மனுஷா! சிரிச்சுப் பேசிக்கிட்டே குழி பறிக்கிறாரே!" 'நானே எழுதித் தரேன்' என்று அவர் சொன்னபோது வேண்டாம் என்றவன் இவன். அந்தப் பொறாமை இருக்காதா?

மனைவியிடம் வத்தி வைத்தான். அவளோ யோசிக்காமல் அக்காவுக்குப் போன் போட்டு, "உன் புருஷன் என் பிழைப்புல மண்ணைப் போடுறார். இனிமே என் வாசப்படி மிதிக்காதே!" என்று கத்திவிட்டாள். கூடப்பிறந்தது அந்த ஒரே அக்கா. இவன் அன்றே பாஸ்வேர்டை மாற்றினான்.

மறுநாள் மதியமும் பக்கம் வரவில்லை. ஒரு ஆர்டர்கூட விழவில்லை. சாயங்காலம் இருவரும் கடையில் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, சகலை கூப்பிட்டார். வாடா வா என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சகலை, பாஸ்வேர்ட் மாத்திட்டீங்களா? உள்ள போக முடியல."

"நீங்க எதுக்கு உள்ள போகணும்?"

"உங்க சர்வரைத் தூக்கி விடத்தான். நீங்க லேப்டாப்பை மூடினா அதுவும் நின்னுடுது. தினம் சாப்பாட்டு நேரத்துல நான்தான் ஓட விட்டு, ஆபீஸ் முடியிற வரைக்கும் கம்ப்யூட்டர்ல அந்த விண்டோவை மூடாம வச்சிருப்பேன். ஆசையா எழுதினீங்க, சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு சொல்லல."

மனைவி போனைப் பிடுங்கினாள். "மாமா, அக்காகிட்ட குடுங்க."

"வர மாட்டேங்கிறாம்மா. நேத்துலேருந்து அழுதுக்கிட்டே இருக்கா. கேட்டா வாயைத் திறக்கல. நீ என்னம்மா சொன்னே அவகிட்ட?"