குடிக்காத தேநீர்

அர்தகான் ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவர் என் புருஷன் யதொல்லா. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தன் உடம்புக்குள் இருக்கும் குழாய்களைப் பற்றி மட்டும் அந்த மனுஷனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நாலு பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கே அது தெரிய வந்தது.

ஈராக்கோடு நடந்த போர் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் போதும் என்று வானொலியில் தினமும் சொன்னார்கள். சுகாதார நிலையத்தில் ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் இலவசம். ஒரு செவ்வாய்க்கிழமை இவர் போய்ப் படுத்தார். இருபதே நிமிஷம், தையல்கூடக் கிடையாது. நாலு பிரசவத்திலும் பத்தாம் நாளே மாவு பிசைந்தவள் நான். இவர் காலை அகட்டி அகட்டி வீட்டுக்குள் நுழைந்த அழகைப் பார்த்தால் போர்முனையிலிருந்து வருகிறார் என்று நினைப்பீர்கள்.

மெத்தை கேட்டார், கொடுத்தேன். ஐஸ் கேட்டார், அது நர்ஸ் சொன்னது, அதையும் கொடுத்தேன். தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றார். சுவரே தண்ணீர் கேட்கிற கோடை அது. தேநீரும் வேண்டாமாம், நாளைக்குப் பதினைந்து குவளை குடிக்கிறவர். புதன்கிழமை கழிவறைக்குப் போனவர் அரை மணி நேரம் கழித்து வெளிறிப்போய்த் திரும்பினார். எரிகிறதாம். மஞ்சளாகப் போகிறதாம். சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம்.

"கட்டுன எடத்துல கசியுது ஃபக்ரி. குழாய நடுவுல வெட்டி முடிச்சுப் போட்டா, அழுத்தம் எங்க போகும்? அதான் தண்ணியக் கொறச்சுட்டேன்."

"அது வேற குழாய், இது வேற குழாய்ங்க."

"முப்பது வருஷமா குழாய் வேல பாக்குறவன்கிட்ட நீ சொல்றியா?"

அவர் சட்டைப்பையில் நர்ஸ் கொடுத்த தாள் எட்டாக மடங்கிக் கிடந்தது. மூத்திரம் போகும் வழியை இந்த ஆபரேஷன் தொடுவதே இல்லை, நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். டெஹ்ரானில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அர்தகான் குழாயைப் பற்றி என்ன தெரியும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எப்படியோ போகட்டும், காய்ந்து கருவாடாகட்டும் என்று விட்டிருப்பேன். என் தங்கை பதரிக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. இன்னொன்று வந்தால் இவள் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் அவள் புருஷன் நொஸ்ரத்தைக் கூப்பிட்டு நேருக்கு நேர் சொன்னார். மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மினிபஸ் ஓட்டுகிற, முறுக்கு மீசை வைத்த நொஸ்ரத் ஒரு வருஷம் யோசித்தான். கடைசியில், முதலில் சகலை போகட்டும், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த வாரமே நான் போகிறேன் என்றான். புது டயரை அடுத்தவன் வண்டியில் மாட்டிப் பார்க்கிற புத்தி. அந்த வெள்ளிக்கிழமை எங்களை விருந்துக்குக் கூப்பிட்டதும் இவரைச் சோதித்துப் பார்க்கத்தான்.

சாப்பாடு முடிந்தது. குழாய் வைத்த வெந்நீர்ப் பானையான சமோவாரிலிருந்து பதரி எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். முகத்தைத் திருப்பி, முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஊற்றினாள். ஆவி அடிக்கிறது போல என்று நினைத்தேன். நொஸ்ரத்தின் கண் என் புருஷனின் குவளையை விட்டு நகரவில்லை. முதல் தேநீர் ஆறியது. அதை எடுத்துவிட்டு இரண்டாவது வைத்தாள், அதுவும் ஆறியது. மூன்றாவதும் அப்படியே. தர்பூசணித் துண்டைக் கத்தியால் இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தார் மகாராஜா.

"மூணாவது டீயும் ஆறிப்போச்சு சகலை. அங்க உங்கள என்னமோ பண்ணிட்டாங்க, சொல்லமாட்டேங்கறீங்க."

இவர் தரையைப் பார்த்தார். நொஸ்ரத் திண்டில் சாய்ந்து, எனக்கு அப்போதே தெரியும் என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பதரியின் கை சமோவார்க் குழாயிலேயே நின்றுவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆகல. மூத்திரம் போக பயம், அதான் டீ குடிக்கல. மூணு நாளா வீட்டுல இதே கூத்துதான்."

தங்கை புருஷன் முன்னால் நான் அதுவரை சத்தமாகச் சிரித்ததுகூட இல்லை. யதொல்லாவின் காது சிவந்தது. யாருக்குப் பயம் என்று குவளையை எடுத்தார். கற்கண்டைக் கடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று ஏழு குவளை உள்ளே போனது. நொஸ்ரத் ஜபமணியை உருட்டி எண்ணிக்கொண்டிருந்தான். போதாததற்கு நாலு துண்டு தர்பூசணி வேறு.

அரை மணி நேரத்தில் இவர் தொடை ஆட ஆரம்பித்தது. எழுந்து முற்றத்தைக் கடந்து மூலையிலிருந்த கழிவறையின் தகரக் கதவுக்குள் போனார். நொஸ்ரத் வெட்கமே இல்லாமல் வாசல்படியில் நின்று, பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. அடைத்து வைத்த வாய்க்காலைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது, நிற்கவே இல்லை. நொஸ்ரத்தின் வாய் மெல்லப் பிளந்தது.

யதொல்லா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். "எரிச்சல்கூட இல்ல சகலை. பயமெல்லாம் பொம்பளைங்க கட்டிவிடறது."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. காரியம் பெரிது என்று விழுங்கினேன். செவ்வாய்க்கிழமை நானும் போகிறேன் என்று நொஸ்ரத் சொன்னான். இரண்டு பேரும் கோட்டையைப் பிடித்தவர்கள் போலக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள்.

அடுப்படிக்கு ஓடினேன். பதரி குத்துக்காலிட்டுக் குவளை கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் செவ்வாக்கெழம போறாராம்டி."

தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பக்கத்தில் அவளுடைய தேநீர் இருந்தது. எங்களோடு சேர்த்து முதலில் ஊற்றியது, விளிம்பு வரை அப்படியே, மேலே ஆடை படிந்து கிடந்தது. ஐந்து பிள்ளைக்கும் அவளுக்கு முதலில் குமட்டுவது தேநீர் வாசனைதான். அந்த ஐந்து முறையும் அவளுக்குப் புதினாத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தவள் நான்.

"எத்தன நாள்டி?"

"ரெண்டு மாசம் தள்ளிப்போச்சுக்கா."

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரு ஆம்பிளையின் ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். என்மேலேயே எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

சகலைக்கு இன்னொரு டீ என்று நொஸ்ரத் உள்ளேயிருந்து கூப்பிட்டான். பதரி கையைத் துடைத்துக்கொண்டு, முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்தியபடி எழுந்து போனாள்.