தள்ளாட்டத்துக்குக் காரணம்

எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த டீச்சரின் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. கரும்பலகை ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, "அமைதியா இருங்க" என்று சொல்லப் பார்த்தாள். நாக்கு குழறி வேறென்னவோ வந்தது. பின் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. தலைமையாசிரியை அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"நேராவே கேக்குறேன் டீச்சர். குடிச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம்." அதுவும் குழறித்தான் வந்தது. டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வந்த பிறகுதான் இனி வகுப்பு என்றுவிட்டார்.

நரம்பு மருத்துவர் அவசரப்படவில்லை. விரலை அசைத்து, அவள் கண்கள் துடிப்பதைக் கவனித்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இப்படி வருமா? திடீர்னு தள்ளாட்டம், பேச்சுக் குழறல், சில மணி நேரத்துல சரியாயிடும்?"

அவளுக்குச் சட்டென்று ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அப்பா! தெருவே 'தண்ணிவண்டி' என்று பட்டப்பெயர் வைத்த தபால்காரர். "குடிச்சுட்டு என் வீட்டு வாசலை மிதிக்காதீங்க" என்று ஆறு வருஷத்துக்கு முன் அவரை விரட்டியவள் அவளேதான்.

மறுநாள் காலையில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நீங்க குடிச்சதே இல்லையா?"

"ஒரு சொட்டு கூட இல்லம்மா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. குழறிக் குழறியும் சொன்னேன், தெளிஞ்சப்புறமும் சொன்னேன். குடிகாரன் பேச்சுன்னு விட்டுட்டீங்க."

அதில் கோபமே இல்லை. முப்பத்திரண்டு வருஷம், தலை சுற்றும்போதெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து, தெளிந்ததும் எழுந்துபோய், ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிடாமல் சேர்த்த மனிதர் அவர். அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

ரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் ஒரே மரபணுக் கோளாறு இருப்பது தெரிந்தது.

"உடம்பைச் சமநிலையில வைக்கிற மூளைப் பகுதி அப்பப்போ தடுமாறுது. இது பரம்பரையா வர்றது. அடியோட போக்க முடியாது" என்றார் மருத்துவர். "ஆனா இந்த மாத்திரை நிறையப் பேருக்கு அடிக்கடி வர்றதைக் குறைக்குது. விரல் நுனி மரமரக்கும். சிறுநீரகத்துல கல் வராம இருக்க, தண்ணி நிறையக் குடிக்கணும். என்னைக் கேக்காம நிறுத்தக்கூடாது."

"தண்ணி குடிக்கணுமா?" அப்பா சிரித்தார். "நல்லதாப் போச்சு டாக்டர். பட்டப்பேருக்கு இப்பவாவது நியாயம் கிடைக்கட்டும்."

மூன்று மாதத்தில் அவளுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது. எழுபது வயது அப்பா, எதையும் பிடித்துக்கொள்ளாமல் அவள் வீட்டுப் படியேறி வந்தார்.

அவள் பள்ளிக்குத் திரும்பிய அன்று தலைமையாசிரியை எழுந்து வந்து, "மன்னிச்சுக்கோங்க டீச்சர். அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"நீங்க ஒரு நாள்தான் சந்தேகப்பட்டீங்க மேடம். நான் என்னைப் பெத்த அப்பாவையே ஆறு வருஷம் சந்தேகப்பட்டேன். ஒருத்தர் தள்ளாடினா முதல்ல கை குடுத்துத் தாங்கணும், அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். தீர்ப்பு சொல்றது நம்ம வேலையே இல்ல."