பின்சீட்டுப் பூனை

“போன வருஷம் நீங்களே வித்த வண்டிதாங்க இது.”

எதிர்வீட்டு அக்காவின் குரல் உயர்ந்ததும், காயப்போடத் துணியே இல்லாமல் நான் மொட்டை மாடிக்கு ஓடினேன்.

“அது வெள்ளைடி, இது நீலம்” என்று கத்தினார், சட்டை மாற்றுவதுபோல் கார் மாற்றும் அவள் புருஷன். இன்னொரு கார் வந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

அவள் பின்கதவைத் திறந்தாள். சீட்டில் அவர்கள் மகள் அப்போது பேனாவால் பெரிதாகக் கிறுக்கிய பூனை அப்படியே இருந்தது.

“பூனையும் வேறயா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஓட்டிப் பாத்தப்பவே கைக்குப் பழகின வண்டி மாதிரி இருந்துச்சு. அதான் வாங்கிட்டேன்.”

அக்கா சாவியைப் பிடுங்கி, மகளோடு அதே காரில் அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. அவர் இப்போது பஸ்ஸில் போகிறார். ஏறுமுன் டயரைக் குனிந்து பார்க்கிறார். பஸ் நிறுத்தம் என் மாடிக்கு நேரே இருந்தால் நான் என்ன செய்ய?