ஐந்து பேர் இறங்கினார்கள்

மணி அடித்தபோது கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வெளியே வந்தேன். எங்கள் ஊர் பக்கோலியில் மண்ணுக்கடியில் இருக்கும் ரோமானியத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்வீட்டில் என் மணியைத்தான் அடிக்க வேண்டும். சாவியும் என்னிடம், விளக்கம் சொல்வதும் நான். வாசலில் என் அண்ணன் சோஸ்ஸியோ நின்றான். ஆறு வருஷமாக என்னோடு பேசாதவன், வெள்ளிக்கிழமை அதுவுமாக டை கட்டிக்கொண்டு, என் எலுமிச்சை மரத்தை முன்பின் பார்த்திராதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் அவன் மகன் பியாஜியோ. ஜூனில் அவனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு வடக்கே பெர்கமோ. அவளும் அவளைப் பெற்றவர்களும் முதல் தடவையாக ஊருக்கு வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா லொகாதெல்லி கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு நின்ற நிலையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சம்பந்தி ஆசைப்பட்டுக் கேட்டால் எப்படி மறுப்பது? சாவிக்கு வேறு ஆளும் கிடையாது.

"இவங்கதான் சாவி வச்சிருக்கிற அம்மா" என்றான் சோஸ்ஸியோ, சம்பந்தியிடம்.

"இவரு யாரு, உங்க டிரைவரா?" என்று நானும் அவரிடமே கேட்டேன்.

"ஐயோ, மாப்பிள்ளையோட அப்பாங்க!"

"அப்படியா? நல்லவேளை, பையன் அம்மா ஜாடை."

பியாஜியோ உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவள் நான். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போடமாட்டார்கள், நேரில் வந்து கையில் கொடுப்பார்கள். இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று, மீன்காரன் வீடு உட்பட. என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அவன் மோதிரம் மாற்றும்போது நான் ஜன்னலில் நின்று கோயில் மணியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பாஸ்தியேரா. கோதுமையை வேகவைத்து, பாலாடைக்கட்டியும் ஆரஞ்சுப் பூத் தண்ணீரும் சேர்த்துச் சுடும் ஈஸ்டர் பலகாரம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் அதைச் சுடமாட்டார்கள். உறவுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்பு அண்ணியின் அம்மா இறந்தார். அந்த ஈஸ்டருக்கு அந்த வீட்டு மேஜையில் பதினொரு பாஸ்தியேரா இருந்தனவாம். சொந்த நாத்தனார் வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. அண்ணி அழுதாள், அண்ணன் பேச்சை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கதவைத் திறந்தேன். "நாற்பது படி, வழுக்கும். கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க."

"அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்றான் சோஸ்ஸியோ. "நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து நான் இந்தப் படியில இறங்கிட்டிருக்கேன்னு."

"அவருகிட்ட சொல்லுங்க. அப்ப அவருக்குத் தொப்பை இல்லேன்னு."

லொகாதெல்லி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெண் மட்டும் பியாஜியோவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கீழே போனதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். எல்லாருமே அப்படித்தான் நிற்பார்கள். நாற்பத்தெட்டுத் தூண்கள், கூரை ஓட்டைகளில் இறங்கும் வெயில், சுவரில் பச்சைப் பாசி. பக்கத்து மிசேனோ துறைமுகத்தில் நின்ற கப்பற்படைக்குக் குடிதண்ணீர் இங்கேதான் சேர்த்து வைத்தார்கள், தொலைதூர மலையிலிருந்து கால்வாயில் கொண்டுவந்து. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆனால் அன்று என் கண் முழுக்கக் கடைசி வரிசைத் தூணிலேயே இருந்தது. சோஸ்ஸியோ அங்கே போய் முதுகைக் காட்டி நின்றான். சின்ன வயதில் அது அவன் தூண். எதிர் மூலையில் இருப்பது என்னுடையது. இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை.

"இத்தனை வருஷத்துல இங்க வேடிக்கையா எதாவது நடந்திருக்கணுமே?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா.

நாக்கு தானாகப் புரண்டது. "ஒருத்தி இருந்தாங்க, சரியான லூசு. துக்க வீட்டுக்குக் கொண்டுபோக பாஸ்தியேரா சுட்டா. மூணு நாள் கோதுமை ஊறப்போட்டு, ஆரஞ்சுத் தோலெல்லாம் கைப்பட சீவிப் போட்டது. எடுத்துட்டுக் கிளம்புறப்போ சுற்றுலாக்காரங்க வந்துட்டாங்க. தட்டை மேல மதில்ல வச்சுட்டு, பாதிப் பேரைக் கூட்டிட்டு இறங்கினா. மீதிப் பேர், நம்ம ஊர் உபசாரம்னு நெனச்சு, பேனாக்கத்தியால அறுத்து முழுசையும் தின்னுட்டாங்க. ஒருத்தன் அவ ரெண்டு கன்னத்துலயும் முத்தம் வேற குடுத்தான்."

"கடையில ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

"துக்க வீட்டுக்குக் கடைப் பலகாரமா? வெறுங்கையோட போகவும் வெட்கம். காவலுக்கு இருக்கிறவளே பலகாரத்தைப் பறிகொடுத்தான்னு ஊரே சிரிக்கும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டா. மறுநாள் கோயில் வாசல்ல அவங்க அண்ணன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அப்புறம் இவளுக்கும் ரோஷம் வந்துடுச்சு."

லொகாதெல்லியம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். "போகலாம் வாங்க, கத்தரிக்காய் ஆறிடும்" என்று முதல் ஆளாக ஏறினேன்.

பூட்டுவதற்கு முன்னால் தலைகளை எண்ணுவது என் வழக்கம். ஐந்து பேர் இறங்கினார்கள். நான்கு பேர்தான் இருந்தார்கள்.

"அப்பா எங்கே?" என்றான் பியாஜியோ. கூப்பிட வாயெடுத்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினேன். கதவைப் பாதி சாத்தினேன். சாவியைப் பூட்டுக்குள் நுழைத்து, கீழே கேட்கும்படி ஒருமுறை கடகடவென்று ஆட்டினேன். பிறகு மதிலில் உட்கார்ந்துகொண்டேன். லொகாதெல்லி கடிகாரத்தைப் பார்த்தார். கத்தரிக்காய் வாசனை தெருவைத் தாண்டி வந்தது.

"நுன்ஸியா!" கீழேயிருந்து குரல் வந்தது. "தின்னவங்க எந்த ஊருக்காரங்க?"

நாற்பத்தெட்டுத் தூண்களும் சேர்ந்து கேட்டன, எந்த ஊருக்காரங்க, எந்த ஊருக்காரங்க என்று.

"பெல்ஜியம்!" என்று கத்தினேன்.

"ஒரு துண்டாவது மிச்சம் வச்சாங்களா?"

"தட்டைக்கூட வழிச்சுத் தின்னுட்டாங்கடா!"

சிரிப்பு முதலில் வந்தது, ஆள் பிறகுதான் வந்தான். கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று லொகாதெல்லியம்மா பயந்துபோய்க் கேட்டார். நான் கதவை முழுக்கத் திறந்தேன். வெயில் பத்துப் படி வரை இறங்கியது. அதில் அவன் வழுக்கை தெரிந்தது, பிறகு கோணிப்போன டை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்க ஏறி வந்தான். இன்னொரு கை கோட்டின் உள்பைக்குள் ஒரு பத்திரிகை உறையைத் துழாவிக்கொண்டிருந்தது.