கருங்கழனியில் முதல் குளிர்காலம்

மூன்றாவது முறையும் பண்ணை செத்துப்போனது. திரையில் பனி கொட்டியது. வேலையாட்கள் ஒவ்வொருவராக வேலி தாண்டிப் போய்விட்டார்கள். ஆடு படுத்தது எழுந்திருக்கவில்லை. கடைசியில் எல்லாம் கறுத்து, ‘மண் பசித்திருந்தது’ என்று ஒரு வரி மட்டும் நின்றது. முந்தைய இரண்டு முறையும் வந்த அதே வரி.

பெரியவள் அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

“மண்ணுக்கு என்னடி பசி? எரு போட்டேன், தண்ணி விட்டேன். இன்னும் தாலாட்டுப் பாடணுமா?”

அடுக்களையிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. “என்கிட்ட கேக்காதக்கா. நான் வாயைத் திறக்கக் கூடாது.”

“வாயைத் திறக்காமலே இவ்வளவு பேசுற. திறந்தா என்ன ஆகும்?”

சின்னவள் ஒரு பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பது பெரியவளுக்குத் தெரிந்தது.

இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்த பிறகு சின்னவளுக்குக் கிடைத்த வேலை இது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். ஆறாவது மாதம் இதுதான். ‘கருங்கழனி’ என்ற விளையாட்டு நாளை வெளிவருகிறது. புதிதாக ஆடுகிறவர்களுக்கான பதினான்கு குறிப்புகளைச் சின்னவள்தான் தனியாக எழுதியிருந்தாள். அவளுடைய டீம் லீடர் ஒரு சோதனை வைத்திருந்தார். வாழ்நாளில் எந்த விளையாட்டையும் தொட்டுப் பார்க்காத ஒருவர், அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்டம் நடக்கும்போது பக்கத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காமல், முதல் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். குறிப்புகளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆளை மாற்றக் கூடாது. இன்று, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். தாண்டவில்லை என்றால் குறிப்புகள் போச்சு. குறிப்புகள் போனால் சின்னவளும்தான்.

“எங்க அக்கா இருக்கா. எழுதியிருக்கிறதை எழுத்துப் பிசகாமச் செய்வா” என்று சின்னவள் ஆபீசில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பெருமைதான் இப்போது பெரியவளை முள்ளாகக் குத்தியது.

எழுத்துப் பிசகாமல்தான் செய்தாள். முதல் வாரம் விறகு வெட்டச் சொன்னது, வெட்டினாள். கிணற்றுத் தண்ணீரை நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் இறைக்காதே என்றது, இறைக்கவில்லை. காகங்களைக் கல்லால் அடிக்காதே, மணியடி என்றது, அடித்தாள். மூன்று நாளுக்கு ஒரு முறை ஒற்றைக்கண் மாடு பூட்டிய வண்டி வந்து, பண்ணை வாசலில் ஒரு சடலத்தை இறக்கிவிட்டுப் போகும். அந்த இடத்தில் மட்டும் என்ன செய்வது என்று அவள் குறிப்பில் தேடவே இல்லை. அது அவளுக்குத் தெரிந்த வேலை. நிலவறையில் வரிசையாகப் படுக்க வைத்தாள். பனிக்கட்டி வைத்தால் உடல் கெடாது என்று ஒன்பதாவது குறிப்பு சொன்னதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இருந்த விறகில் பாதியைக் கொடுத்துப் பனிக்கட்டி வாங்கினாள். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்தாள்.

துணிக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“மறுபடியும் ஆளுங்க ஓடிட்டாங்களா?”

“ம்.”

“நீ அதட்டியிருப்ப.”

“உங்களைப் பதினெட்டு வருஷமா அதட்டுறேன். ஓடிட்டீங்களா?”

“எனக்கு வேலி தாண்டத் தெரியாதே” என்று சொல்லிவிட்டு அவர் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. அவளுக்குத் தன் வேலையில் குழப்பம் என்பதே கிடையாது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் பதிவேட்டு மேசை அவளுடையது. பதினேழு வருஷமாக ஒரு எண் மாறியதில்லை, ஒரு கையெழுத்து விட்டுப்போனதில்லை. டாக்டர்கள்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப்பட்டவளை ஒரு பொம்மைப் பண்ணை மூன்று தடவை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது. குறிப்பு தப்பா, தான் தப்பா? குறிப்பு தப்பு என்றால் தங்கை போனாள். தான் தப்பு என்றாலும் தங்கைதான் போவாள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அடி ஒரே இடத்தில்தான் விழுந்தது.

ஆட்டம் முடிந்தாலும் பண்ணையைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். எங்கே பிசகியது என்று தேடிக்கொண்டே அவள் நிலவறைக்குள் இறங்கினாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பியவள், திருப்பிய முகத்தை மறுபடியும் கொண்டுவந்தாள்.

“அக்கா, என்னது இது?”

“எது?”

“நிலவறைல. பதினோரு பேர் படுத்திருக்காங்க.”

“ஆமா. பதினொண்ணு. சரியாத்தான் இருக்கு.”

“ஏன் வெச்சிருக்க?”

“யாரும் வரலையே.”

“யாரு வரணும்?”

இதையெல்லாமா கேட்பார்கள் என்று பெரியவள் அவளைப் பார்த்தாள். “அவங்க ஆளுங்கதான். அண்ணனோ தம்பியோ, பிள்ளையோ. வந்து பார்த்து, இன்னார்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாத்தானே குடுக்க முடியும்?”

சின்னவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. டீ தளும்பிக் கையில் கொட்டியது. அதற்கப்புறம் சிரிப்பு எங்கோ போய்விட்டது. டம்ளரை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அக்கா, இவங்களையெல்லாம் வயல்ல புதைக்கணும். புதைச்சாத்தான் அந்த மண்ணுல பயிர் வரும். அதுதான் விளையாட்டே. மண் பசிச்சிருக்குன்னு வந்துச்சே, அது இதுக்குத்தான்.”

“யாராவது தேடிட்டு வர்றதுக்குள்ளயா?”

“யாரும் வரமாட்டாங்கக்கா. வர்ற மாதிரி ஒருத்தரைக்கூட நாங்க செய்யல.”

“பதினோரு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா ஆள் இல்ல?”

“பொம்மைக்கா.”

“பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? என்னை என்ன மூளை கலங்கினவன்னு நினைச்சியா?” பெரியவளின் குரல் அவளுக்கே தெரியாமல் ஏறியது. “பதினாலு குறிப்பு எழுதியிருக்கியே. யாரும் வரமாட்டாங்கன்னு ஒண்ணுலயாவது இருக்கா? காட்டு.”

சின்னவள் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். வண்டி வரும் நாளில் நிலத்தைத் தயாராக வைத்திருங்கள் என்று இருந்தது. எந்த ஆழத்தில் குழி வெட்டினால் எந்தப் பயிர் வரும் என்று இருந்தது. புதையுங்கள் என்று மட்டும் இல்லை. அதை யாருக்காவது சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“இல்ல,” என்றாள். “என் தப்புத்தான்.”

அவள் தாளில் எழுதத் தொடங்கினாள். பெரியவள் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு பேர். நிஜத்தில் ஆள் வராத இத்தனை பேரை அவள் ஒரே நேரத்தில் வைத்திருந்ததில்லை. ஆனால் ஒருவரை அப்படி வைத்திருந்திருக்கிறாள். யாரும் தேடி வராதவர்களுக்கு இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. அதற்குமேல் நகராட்சி வண்டியை வரச்சொல்லி அனுப்பிவிட வேண்டும். ஒரு முறை ஒருவருடைய கோப்பைக் கட்டின் அடியில் சொருகி வைத்தாள். கணக்குக்கு மேல் ஒன்பது நாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கேட்டபோது, ஒரு தாள் வரவேண்டியிருக்கிறது என்றாள். எந்தத் தாளும் வரவேண்டியதில்லை. அது பொய் என்றுகூட அவளுக்கு அன்று உறைக்கவில்லை. வேலையில் கவனமாக இருப்பதாகத்தான் நினைத்தாள்.

வழக்கமாகக் கதவைத் திறந்துகொண்டு இறந்தவரின் ஆள் ஒருவர் வருவார். முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகு அவளை. அவள் எண்ணைச் சொல்வாள். அவர் பெயரைச் சொல்வார். எண்ணுக்கு மேலே அவள் பெயரை எழுதுவாள். எழுதி முடித்ததும் உள்ளே ஏதோ ஒன்று இறங்கி உட்காரும். வீட்டுக்கு வந்து சாப்பிட முடிவதும் தூங்க முடிவதும் அதனால்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த ஒன்பது நாள் யாருக்காக? அந்த மனிதருக்காகவா, கதவைத் திறக்கப்போகிற யாரோ ஒருவருக்காகவா, அல்லது தன் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்குமா? ஒரு விளையாட்டு வந்து இதையெல்லாம் கிளறும் என்று யார் கண்டது?

“கேளு,” என்றாள் சின்னவள். தாளைப் பார்த்துப் படித்தாள். “ஒன்று. வண்டியில் வருகிறவர்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். காத்திருக்க வேண்டாம். அன்றே புதையுங்கள்.”

படித்த பிறகு அவளுக்கே என்னவோபோல இருந்தது. “கொஞ்சம் இதமா எழுதட்டுமா?”

“வேண்டாம். புரியுது.”

நான்காவது ஆட்டம். விறகு வெட்டினாள், தண்ணீர் இறைத்தாள். மூன்றாம் நாள் மாலை வண்டி வந்து ஒருவரை இறக்கிவிட்டுப் போனது. குழி தயாராக இருந்தது. ‘புதை’ என்ற பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். விரல் அழுந்தவில்லை.

எழுதியிருப்பதைச் செய்யாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. செய்யவும் முடியவில்லை. சின்னவள் கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள். ‘அழுத்துக்கா’ என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. சொன்னால் சோதனை செல்லாது. பொய்யாக ஒரு அறிக்கை எழுத அவளுக்கு வராது. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

பெரியவள் எழுந்துபோய் முகம் கழுவினாள். வந்து உட்கார்ந்தாள். அழுத்தினாள்.

உடனே திரை இன்னொன்று கேட்டது. ‘குழியின்மேல் பலகை நடலாமா? இரண்டு கட்டு விறகு ஆகும்.’ குறிப்பில் இதற்கு விடை இருந்தது: முதல் குளிர்காலத்தில் பலகை வேண்டாம், விறகு வீண். அவள் அதைப் படித்தாள். படித்துவிட்டு, ‘சரி’ என்பதை அழுத்தினாள்.

சின்னவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலகையில் எழுத இடம் விட்டிருந்தது. பெரியவள் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினாள். ‘ஆண். ஐம்பது இருக்கலாம். நீலச் சட்டை. இடது புருவத்தில் தழும்பு. மூன்றாம் நாள் மாலை வந்தார்.’

அடுத்து வந்தவளுக்கு, ‘பெண். நரைத்த தலை. ஒரு காலில் செருப்பு இல்லை’ என்று எழுதினாள். அதற்கடுத்து வந்தவருக்கும் எழுதினாள். ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு கட்டு விறகு குறைந்தது. வயலில் சாம்பல் நிறக் கதிர்கள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. ஊரிலிருந்து ஆட்கள் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். பனி விழத் தொடங்கியபோது நாற்பது கட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டுத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் பெட்டியை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஆட்டை வீட்டுக்குள்ள கட்டேன்” என்றார்.

“மாமா! நீங்க பேசக் கூடாது” என்று சின்னவள் கத்தினாள்.

“நான் எங்க பேசினேன்? ஆட்டுக்கிட்டதான் சொன்னேன்.”

ஆடு ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. பெரியவள் வயலில் மிஞ்சிய வைக்கோலை எரித்தாள். வேலியைப் பிரித்து எரித்தாள். மூன்று வேலையாட்களில் இருவர் போய்விட்டார்கள். கடைசிக் கட்டு விறகு அடுப்பில் இருந்தபோது பனி நின்றது. கூரையிலிருந்து நீர் சொட்டியது. ‘முதல் குளிர்காலம் முடிந்தது’ என்று திரை சொன்னது.

சின்னவள் ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிய வேகத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. உடனே உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். மூன்றாவது ஆட்டம் முடிந்த பிறகு தான் புதைப்பது பற்றி அக்காவிடம் பேசியது என்றும், முதல் குறிப்பு புதிதாகச் சேர்த்தது என்றும், பலகை பற்றிய குறிப்பை ஆடியவர் கேட்கவில்லை என்றும், கணவர் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், ஆடு அதற்கு முன்பே உள்ளே இருந்தது என்றும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள்.

அரைமணியில் டீம் லீடர் போன் செய்தார். சின்னவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“தாண்டிட்டாங்களா, நல்லது. குறிப்பெல்லாம் சரியா இருக்கு. முதல் குறிப்பை மட்டும் எடுத்துடுங்க. காத்திருக்க வேண்டாம்னா? யாரு அப்படி உட்கார்ந்து காத்திருப்பா? படிக்கிறவன் சிரிப்பான்.”

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். சரி என்று சொன்னால் வேலை உறுதி. “சரிங்க...” என்று இழுத்தாள்.

போன் எப்படித் தன் கைக்கு வந்தது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. “நான்தாங்க உட்கார்ந்தேன்” என்றாள். “மூணு தடவை.”

“நீங்க...?”

“அக்கா. அந்த வரி இருக்கட்டுங்க. எனக்கு அது பிடிக்கல. ஆனா அதைச் சொல்லலன்னா நான் இன்னும் உட்கார்ந்துதான் இருப்பேன். என்னை மாதிரி வேற ஒருத்தர் இருக்க மாட்டாங்கன்னு சொல்ல முடியாது.”

“அந்த வரி இல்லாம மூணு தடவையும் போயிடுச்சு, இல்லையா?”

“ஆமாங்க.”

“அப்ப இருக்கட்டும்” என்றார். பிறகு, “தங்கச்சியை நாளைக்கு என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க. நிரந்தர ஆர்டர் ரெடி பண்ணணும்” என்றார்.

போனை வைத்ததும் சின்னவள் அழுதாள், சிரித்தாள், மாமாவிடம் போய், அவர் மடித்து வைத்திருந்த சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு திட்டு வாங்கினாள். பெரியவளும் சிரித்தாள். தங்கைக்கு வேலை நிலைத்துவிட்டது. அது சந்தோஷம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அது சந்தோஷமா, குற்ற உணர்வா, வெறும் அலுப்பா என்று தொட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை.

“அக்கா,” சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “பலகைக் குறிப்பை என்ன பண்றது? நீ அதைக் கேக்கவே இல்லையே. அதுவும் தப்பா?”

“இல்லடி. சரிதான். விறகு வீண்தான்.”

“அப்புறம் ஏன் நட்ட? யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சும்?”

பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரையில் நின்ற பலகைகளைப் பார்த்தாள்.

“தெரியலையே,” என்றாள்.